எம்டனின் நாலாவது புகைபோக்கி

2018 மார்கழி. வாடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்த கிழமை. கப்பல்துறைக் களஞ்சியத்திலிருந்து முதலாளி அழைத்தார்.

"தம்பி, நான் ஒரு மெயில் அனுப்பினதாம். நான் அனுப்பேல்லை. ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ."

கப்பல் முகவர் தொழிலும் அதை ஒட்டிய லொறித் தொழிலும் செய்கிற குடும்பம் அது. கந்தோர் திருகோணமலை நகரத்தில் இருக்கிறது. லொறிகளும் எடைமேடையும் களஞ்சியமும் கப்பல்துறையில். அவர்களுடைய கணினிகளையும் மின்னஞ்சலையும் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலாளி சத்தமாகப் பேசுகிற மனிதர். அன்று குரல் தாழ்ந்திருந்தது. மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

கப்பல் முகவரின் தொழிலில் காசு முன்கூட்டியே வரும். கப்பல் துறைமுகத்துக்கு வருவதற்கு முன்பே, துறைமுகக் கட்டணம் எவ்வளவு, பைலட்டுக்கு எவ்வளவு, இழுவைப் படகுக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு என்று மதிப்பிட்டு ஒரு பட்டியலைக் கப்பல்காரருக்கு அனுப்புவார்கள். புரொஃபோமா டி.ஏ. என்பார்கள். அதைப் பார்த்து வெளிநாட்டில் இருக்கும் கப்பல்காரர் முற்பணத்தை வங்கிக்கு அனுப்புவார். இவ்வளவும் மின்னஞ்சலில் நடக்கும். ஒருவர் முகத்தை மற்றவர் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார்.

அன்று காலையில் வெளிநாட்டுக் கந்தோரில் கணக்குப் பார்க்கிற பெண்மணி தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் சொன்ன புதிய வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டோம், வந்து சேர்ந்ததா?" என்று கேட்டிருக்கிறார். இங்கே யாரும் புதிய கணக்கு திறக்கவில்லை.

அந்த மெயிலை எனக்கு அனுப்பச் சொன்னேன். சாதாரணமாக ஃபோர்வேர்ட் செய்தால் தலைப்பு வரிகள் கழன்றுவிடும். ஆகவே இணைப்பாகச் சேர்த்து அனுப்பும்படி கேட்டேன். இந்த வேலையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். வந்ததைத் திறந்து, தலைப்பு வரிகளைக் கீழிருந்து மேலாக வாசித்தேன். ஒவ்வொரு சேர்வரும் தன் முத்திரையை மேலே மேலே குத்திக்கொண்டு போவதால் பயணத்தின் தொடக்கம் அடியில் இருக்கும். அனுப்பியவர் என்ற இடத்தில் முதலாளியின் சொந்த முகவரி, ஓர் எழுத்தும் பிசகாமல். அடியில் அவருடைய பெயர், பதவி, கந்தோர் விலாசம். தொலைபேசி எண்ணில் மட்டும் ஓர் இலக்கம் மாறியிருந்தது. பதில் எழுதினால் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஓர் இலவச மின்னஞ்சல் முகவரி. பெறுபவரின் சேர்வர் சோதனை முடிவை எழுதிவைக்கும் வரியில், மூன்று சோதனைகளுக்கும் ஒரே சொல் (none): நன், நன், நன். சோதிப்பதற்கு அங்கே எதுவுமே இருக்கவில்லை.

"எங்கடை பெட்டிக்குள்ளை ஆரும் பூரேல்லை ஐயா. பாஸ்வேர்ட் களவு போகேல்லை" என்றேன்.

"அப்ப என்ரை பேரிலை எப்பிடி?"

அந்தக் கேள்விக்கு அன்று இரண்டு மணித்தியாலம் பதில் சொன்னேன். எடைமேடைக் கொட்டிலின் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் பாதியைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அவருக்குப் பிடிபட்டது எம்டன் கதைதான். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டு போட்டு எரித்த ஜேர்மன் கப்பல். கெட்டிக்காரப் பிள்ளையை "சரியான எம்டன்" என்று இன்றைக்கும் நாங்கள் சொல்கிறோம். ஒக்டோபர் 28 விடியற்காலையில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அந்தக் கடற்பரப்பில் திரிந்த ஆங்கிலேயக் கப்பல் யார்மத்துக்கு நான்கு. எம்டனின் ஆட்கள் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி நிறுத்திவிட்டுப் போனார்கள். தூரத்தில் வந்த உருவத்தைப் பார்த்தவர்கள் தங்கள் கப்பல் என்றே நினைத்தார்கள். பக்கத்தில் வந்ததும் ஜேர்மன் கொடி ஏறியது. ரஷ்யக் கப்பல் செம்சுக் மூழ்கியது.

"மெயிலிலை From எண்டு தெரியிற பேர் அந்த நாலாவது புகைபோக்கிதான் ஐயா. ஆரும் கட்டலாம்."

மின்னஞ்சலைக் கொண்டுபோகும் எஸ்.எம்.டி.பி. என்ற நடைமுறையை ஜொன் போஸ்டல் 1982 ஓகஸ்டில் எழுதினார். அப்போது அந்த வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். அனுப்புகிறவர் தன் பெயரை உண்மையாகச் சொல்வார் என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பெயர்கள் உண்டு. சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில் சொல்லப்படும் பெயர் கடித உறையின் மேல் எழுதியது போன்றது. வாசகர் கண்ணில் படுகிற பெயர் உள்ளே இருக்கும் தாளின் தலைப்பு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டையும் யாரும் சரிபார்க்கவும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பின்னால் வந்தவர்கள் முப்பது வருடம் பாடுபட்டார்கள்.

முதலில் வந்தது எஸ்.பி.எஃப். என் டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப உரிமை பெற்ற சேர்வர்கள் இன்னின்னவை என்று டி.என்.எஸ். என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைப்பது. உலகத்தில் யாரும் அதை வாசிக்கலாம். ஆனால் அது பார்ப்பது உறையின் மேலுள்ள பெயரை. திருடன் உறையில் தன் டொமைனையே எழுதி, உள்ளே தாளின் தலைப்பில் எங்கள் பெயரைப் போட்டால், எஸ்.பி.எஃப். நல்ல பிள்ளையாகத் தேறிவிடும். இரண்டாவது டிகிம். யாஹுவிலும் சிஸ்கோவிலும் தனித்தனியாக வளர்ந்த இரண்டு யோசனைகளை ஒன்றாக்கி 2007இல் வெளியிட்டார்கள். அனுப்பும் சேர்வர் தன் இரகசியச் சாவியால் கடிதத்தில் ஒரு கையொப்பம் வைக்கும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.இல் கிடக்கும். கையொப்பம் வைத்த பின் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் பொருந்தாது. ஆனால் கையொப்பமே இல்லாத கடிதம் வந்தால் என்ன செய்வது என்று டிகிம் சொல்லாது.

அந்த இடத்துக்கு வந்ததுதான் டிமார்க். 2012 தொடக்கத்தில் கூகுள், மைக்ரோசொஃப்ட், யாஹு, பேபால் போன்றவர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். 2015 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 7489 என்ற இணைய ஆவணமாக வந்தது. எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், தேறிய டொமைன் கண்ணுக்குத் தெரியும் பெயரோடு பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்பதை டொமைனின் சொந்தக்காரர் மூன்று சொற்களில் ஒன்றால் சொல்லலாம். நன் என்றால் விட்டுவிடு, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு. குவாரண்டைன் என்றால் தள்ளி வை. ரிஜெக்ட் என்றால் வாசலிலேயே திருப்பு.

திருகோணமலையில் குவாரண்டைன் என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. துறைமுகத்துக்கு வருகிற கப்பல் மஞ்சள் நிறக் கியூ கொடியை ஏற்றி, என்னில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள் என்று கேட்கும். கொள்ளைநோய்க்குப் பயந்து வெனிஸ்காரர் கப்பல்களை நாற்பது நாள் கடலில் நிறுத்திவைத்ததிலிருந்து பிறந்த சொல் அது. கப்பலின் பெயரையும் நிறத்தையும் விற்கிறபோதெல்லாம் மாற்றலாம் என்பதும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதனால்தான் பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் கொடுக்கப்பட்டு, 1996 முதல் கட்டாயமாக்கப்பட்டது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் வருகிற எண்ணின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். பெரும்பாலான பொய் எண்களை ஒரு கடதாசியும் பென்சிலும் கொண்டு பிடிக்கலாம். முதலாளி இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெயிலுக்கும் அப்பிடி ஒண்டு வையுங்கோ."

போன காசு திரும்பவில்லை. உங்கள் முகவரியிலிருந்துதானே வந்தது என்று அந்தக் கப்பல் கொம்பனி வாதாடியது. சட்டத்தின்படி யார் பொறுப்பு என்று நீண்ட நாள் பேசியிருக்கலாம். முதலாளி பாதியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அவருக்கு ஆறுதலாக நான் ஒரு செய்தியைச் சொன்னேன். 2013க்கும் 2015க்கும் இடையில் ஒரு லிதுவேனியாக்காரர் தாய்வான் உற்பத்தியாளர் ஒருவரின் பெயரில் பொய்ப் பற்றுச்சீட்டுகளும் மெயில்களும் அனுப்பி, கூகுளிடமும் பேஸ்புக்கிடமும் 10 கோடி டொலருக்கு மேல் வாங்கியிருந்தார். "அவைக்கே அப்பிடியெண்டால்..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அவை ஏமாந்தவை தம்பி. இஞ்சை ஏமாந்தது நான் இல்லை. என்ரை பேரை நம்பின பிள்ளை."

இந்தத் தொழிலைப் பற்றி நான் படித்த எதிலும் அது அவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. வைரஸ் தடுப்பு என் கணினியைக் காக்கிறது. கடவுச்சொல் என் பெட்டியைக் காக்கிறது. இந்த மூன்று வரிகளும் என் டொமைனில் எழுதப்பட்டாலும் காப்பது முன்பின் தெரியாத ஒருவரின் மேசையை. அதனால்தான் பலரும் இதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்றும் நினைக்கிறேன். செய்யாததால் வருகிற இழப்பு முதலில் மற்றவர் வீட்டில்தான் விழுகிறது.

டிமார்க்கை நன் என்று போட அரை மணித்தியாலம் போதும். ரிஜெக்டுக்குப் போக எங்களுக்கு ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் நடந்தது ஒரு விசாரணை. எங்கள் பெயரில் யார் யார் கடிதம் அனுப்புகிறார்கள்? கந்தோரில் கேட்டபோது, "நாங்கள் ஆறு பேர்தான்" என்றார்கள். அறிக்கைகள் வேறு கதை சொன்னன.

அந்த அறிக்கைகளை வாசிக்க வேண்டும். பெரிய மின்னஞ்சல் சேவைகள் நாளுக்கு ஒரு தரம் அனுப்பும் சுருக்கிய எக்ஸ்.எம்.எல். கோப்புகள் அவை. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, உங்கள் பெயரில், எத்தனை கடிதம், எது தேறியது, எது தேறவில்லை. கடிதத்தின் உள்ளடக்கம் இருக்காது, நேரமும் இருக்காது. நாளொன்றுக்கு எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும். முதல் கிழமையிலேயே கணக்கு மென்பொருள் ஒன்று தன் பாட்டில் பற்றுச்சீட்டு அனுப்புவது தெரிந்தது. இணையத்தளத்தின் தொடர்புப் படிவம் தெரிந்தது. மேல்மாடி ஸ்கேனர் தெரிந்தது. இவற்றை ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினேன்.

ஒரு வரி மட்டும் விளங்கவில்லை. இலங்கை இணையச் சேவை ஒன்றின் ஐ.பி. வரிசை. எண் நாளுக்கு நாள் மாறும், வரிசை ஒன்றுதான். ஏழு கடிதம், பத்து, எட்டு. இரண்டு சோதனையிலும் தோல்வி. உள்ளூர்த் திருடன் என்று முடிவு கட்டி, ரிஜெக்ட் போடுகிற நாளில் இவனும் ஒழிவான் என்று விட்டிருந்தேன். ஒரு இரவு இரண்டு மாதத்து எண்ணிக்கைகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. வாரநாட்களில் இரண்டு நாள் வெறுமை. கலண்டரை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் போயா நாட்கள்.

களவெடுக்கிறவன் போயாவுக்கு லீவு எடுக்க மாட்டான். மறுநாள் காலையில் கப்பல்துறைக்குப் போனேன். எடைமேடைக் கொட்டிலில், மேசைக்குக் கீழே, சீமெந்துத் தூசு படிந்த ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. "இதென்ன அண்ணை?" என்று எடை போடுகிறவரைக் கேட்டேன். "லொறி நிறுத்ததும் துண்டு தானாப் போகும் தம்பி, சரக்குக்காரருக்கு. முந்தி இருந்த பொடியன் செய்து வைச்சவன். அவன் இப்ப கட்டாரிலை." சரக்குக்காரர்கள் அந்த மெயிலைப் பார்த்துத்தான் தங்கள் வாசலில் லொறியை உள்ளே விடுகிறார்கள். நான் அவசரப்பட்டிருந்தால் லொறிகள் வெயிலில் வரிசையாக நின்றிருக்கும், ஏன் என்று ஒருவருக்கும் தெரிந்திராது. அந்தக் கணினி எங்கள் மெயில் சேர்வரில் முறையாகப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து அனுப்பும்படி மாற்றினேன். பதினைந்து நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு மாதம்.

நான் விட்ட பிழையையும் எழுத வேண்டும். எஸ்.பி.எஃப். வரியில் இன்னொரு சேவையைச் சேர்க்க "இன்க்ளூட்" என்று எழுதுவோம். அந்தச் சேவை தன் வரியில் இன்னும் சிலரைச் சேர்த்திருக்கும். சரிபார்க்கிற சேர்வர் இப்படிப் பத்துத் தடவைக்கு மேல் டி.என்.எஸ்.ஐத் தேடிப் போகாது என்பது விதி. 2019 பங்குனியில் நான் ஒரு புதிய சேவையைச் சேர்த்தபோது அது பன்னிரண்டாகிவிட்டது. பத்தைத் தாண்டினால் முழு வரியும் செல்லாது. அதே நேரம் டிகிமும் வேலை செய்யவில்லை. 2048 பிட் சாவி நீளமானது. ஒரு துண்டில் 255 எழுத்துக்குமேல் டி.என்.எஸ். ஏற்காது, துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். டொமைன் வாங்கிய இடத்தின் கட்டுப்பாட்டுப் பலகை என் சாவியின் வாலைச் சத்தமில்லாமல் வெட்டியிருந்தது. ஒட்டியதும் திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டேன். இரண்டு நாள் எங்கள் உண்மையான கடிதங்கள் ஸ்பாமுக்குள் போய் விழுந்தன. ஒரு கப்பலுக்குக் குடிநீர் ஏற்றுவது அதனால் பிந்தியது. முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து எந்த வரியை எழுதினாலும் வெளியே இருந்து இரண்டு வேறு இடங்களில் தேடிப் பார்க்காமல் எழும்புவதில்லை.

ஃபோர்வேர்ட் செய்யப்படும் கடிதங்கள் இன்னொரு தலையிடி. பழைய முகவரிக்கு வருவதைப் புதிய முகவரிக்குத் தானாகத் திருப்பி விட்டிருப்பார்கள். திருப்புகிற சேர்வர் எங்கள் பட்டியலில் இல்லாததால் எஸ்.பி.எஃப். தோற்கும். வழியில் யாரும் கடிதத்தைத் தொடாவிட்டால் டிகிம் தாங்கும். ஆகவே எஸ்.பி.எஃப். மட்டும் இருக்கும் டொமைனை ரிஜெக்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கண்டிப்பு.

இந்த வேலையைப் பற்றி நான் பேசியபோது பல வருடம் ஒருவரும் காது கொடுக்கவில்லை. 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல்கள் ரான்சம்வெயரால் முடங்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் பலருக்கு இல்லாமற்போன செய்தி வந்தபோது கொஞ்சம் கேட்டார்கள். அது வேறு நோய், அதற்கு மருந்து காப்புப் பிரதி. 2024 பெப்ரவரியில், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம் என்று கூகுள் சொன்ன பிறகுதான் தொலைபேசி ஓயாமல் அடித்தது. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "எங்கடை மெயில் போய்ச் சேர என்ன குறைஞ்சது எழுதவேணும்?" குறைந்தது நன். கூகுளின் நிபந்தனைக்கு அது போதும். எழுதிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் துறையில் நிறைய. அறிக்கைகள் யாரும் திறக்காத பெட்டியில் குவியும். பொய்க் கடிதம் முன்போலவே போய்ச் சேரும். இதை நான் நேர்மையான வேலையாக ஏற்பதில்லை. நன் என்று எழுதினால் எப்போது அதை எடுப்பது என்று நாளும் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ரிஜெக்ட் போட்டாலும் எல்லாம் தீராது. ஓர் எழுத்து மட்டும் வேறுபட்ட டொமைனை வாங்கி, அதற்கு இந்த மூன்று வரிகளையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு வருகிறவனை டிமார்க் மரியாதையாக உள்ளே விடும். இப்போது .இலங்கை என்று தமிழிலேயே டொமைன் எடுக்கலாம். அதில் நாங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரகரத்தையும் கால் குறியையும் பல எழுத்துருக்களில் பிரித்தறிய முடியாது. ககரமும் தமிழ் இலக்கம் ௧உம் இரட்டைப் பிள்ளைகள். ஔவும், ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரம் எழுதியதும் அப்படித்தான். டி.என்.எஸ். பதிவேட்டில் யாராவது கை வைத்தால் எழுதியதெல்லாம் வீண். 2021 பெப்ரவரி 6 காலையில் .எல்கே பதிவேடே தாக்கப்பட்டு, கூகுளின் இலங்கை முகவரியைத் தேடியவர்கள் வேறு பக்கத்துக்குப் போய் நின்றார்கள். அன்று முதல் என் பொறுப்பில் இருக்கும் டொமைன் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இரட்டைப் பூட்டு.

வங்கிக் கணக்கு மாறுகிறது என்று எந்த மெயில் வந்தாலும், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் பழைய குறிப்புப் புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும் என்று கந்தோர்ச் சுவரில் எழுதி ஒட்டியது முதலாளிதான். அவருடைய கையெழுத்தில், சிவப்பு மையில்.

2019 ஆடியில் ஒரு திங்கட்கிழமை ரிஜெக்ட் என்று எழுதினேன். புதன்கிழமை வந்த அறிக்கையில் எடைமேடையின் ஒன்பது துண்டுகளும் தேறியிருந்தன. அவற்றுக்குக் கீழே எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சேர்வரிலிருந்து, எங்கள் பெயரில், நான்கு கடிதங்கள். நான்கும் வாசலில் திருப்பப்பட்டிருந்தன. முதலாளியை அழைத்துச் சொன்னேன்.

"ஆருக்குப் போனது தம்பி?"

"அது அறிக்கையிலை வராது ஐயா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஒரு மெயில் போடுங்கோ" என்றார். "இனி எங்கடை பேரிலை வாறது எங்கடைதான் எண்டு சொல்லுங்கோ."

அவருடைய முகவரியிலிருந்தே, அவர் சொல்லச் சொல்ல, நாலு வரி எழுதி அனுப்பினேன். மூன்று சோதனையும் தேறிய கடிதம். பத்து நிமிடத்தில் கந்தோர்த் தொலைபேசி அடித்தது, பழைய எண்ணில். அந்தப் பெண்மணிதான். இந்த மெயிலை நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்டார்.